உறைக்குள் மூன்று பெயர்

மணிமேகலை மேடத்துக்கு உட்காரத் தெரியாது. துப்பறியும் அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் அவருடைய கைப்பைதான் உட்காரும். வழக்கோடு வருகிறவரை எதிரில் உட்கார வைத்து, மேடம் அவரைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஏழாவது சுற்றில் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் தலை கிறுகிறுத்து உண்மை வாய்க்கு வந்துவிடும். நான் முகமது ரஃபீக், அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, குறிப்பு எழுதுவது, திட்டு வாங்குவது என்று மூன்று இலாகா என்னிடம் இருக்கிறது.

அன்று காலை எட்டேகாலுக்கு மேடம் சுற்றிக்கொண்டிருந்தது நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகன் அறையில். ஆடி மாதம் யாரும் தாலி கட்ட மாட்டார்கள் என்பதால் மண்டபத்தை ஐந்து நாளுக்குப் பூல் எனும் மேசைப் பந்தாட்டப் போட்டிக்கு விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் நீலத் துணி விரித்த மேசை. பந்திக் கூடத்தில் பயிற்சி மேசைகள் இரண்டு. இந்திய அணிக்கும் தைவானிலிருந்து வந்த அணிக்கும் அழைப்புத் தொடர். ஐந்து நாளில் மூன்று நாள் ஜெயிக்கிறவர்களுக்கு மணிலாவில் நடக்கும் அணிக் கோப்பையில் இடம். முதல் இரண்டு நாள் நாம் ஜெயித்தோம். அடுத்த இரண்டு நாள் அவர்கள். இன்று ஐந்தாவது நாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்தவர் நம் அணியின் கேப்டன் ஆனந்த்ராஜ். திண்டுக்கல்காரர், நாற்பதை நெருங்குகிறவர், ஊரில் சொந்தமாக ரசிகர் மன்றம் வைத்திருக்கிற ஒரே பூல் ஆட்டக்காரர். முகத்தைப் பார்த்தால் மூன்று நாளாகத் தூங்காதவர்போல் இருந்தது.

"எங்க வரிசை வெளிய போகுதுங்க மேடம்," என்றார்.

என்ன வரிசை என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒவ்வொரு நாளும் மூன்று ஒற்றையர் ஆட்டம், கடைசியில் ஒரு ஜோடி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் ஜோடி ஆட்டத்தை ஜெயித்தவர்களுக்கே அந்த நாள். ஒற்றையரில் முதலாவது எய்ட் பால். அது பாகப்பிரிவினை மாதிரி: உனக்கு ஏழு பந்து, எனக்கு ஏழு பந்து, தன் பங்கை முடித்தவன் கறுப்பு எட்டை அடிக்கலாம். இரண்டாவது நைன் பால். மேசையில் இருப்பதில் சின்ன எண்ணை முதலில் தொட வேண்டும். தொட்டபின் ஒன்பது குருட்டு யோகத்தில் விழுந்தாலும் ஜெயம். மூன்றாவது டென் பால். எந்தப் பந்து எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொல்லாத குழியில் விழுந்தது செல்லாது. யாருக்கு எந்த ஆட்டம் என்று கேப்டன் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, காலை பதினோரு மணிக்கு நடுவரிடம் கொடுப்பார். எதிரணியும் கொடுக்கும். பன்னிரண்டு மணிக்கு இரண்டு உறையையும் ஒன்றாகப் பிரித்தால்தான் யாருக்கு யார் எதிரி என்று உலகத்துக்குத் தெரியும்.

"முந்தாநாளும் நேத்தும் வரிசையை மாத்தி மாத்திப் போட்டேன். ரெண்டு நாளும் எனக்கு எதுத்தாப்ல அவங்க கடைசி ஆளு. எங்க ஆளு விக்னேசுக்கு எதுத்தாப்ல அவங்க சூரப்புலி. நான் ஒண்ணு ஜெயிச்சு என்ன, மத்த மூணும் போச்சு. தெரியாம இம்புட்டுக் கச்சிதமா வைக்க முடியுமா?"

மேடம் மூன்றாவது சுற்றில் இருந்தார். வரிசை யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார்.

அணியின் மூன்று பேருக்குத்தான் என்றார் கேப்டன். அவர், கோயம்புத்தூர் விக்னேஷ்குமார், ரெட்டியார்சத்திரத்து அறிவுச்செல்வி. அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. மாற்று ஆட்டக்காரியாக மதுரைப் பெண் பவித்ரா இருக்கிறாள், ஆனால் அவளிடம் வரிசையைச் சொல்வதில்லை. ராத்திரி சாப்பிட்டதும் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். மற்றபடி ஈ காக்காய்க்குத் தெரியாது.

"சந்தேகம் யார் மேல?"

கேப்டன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சந்தேகம் அறிவுச்செல்வி மேல். அவளுடைய தாய்மாமன் மொக்கைச்சாமி மண்டப வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கிறார். கடை வந்தது மூன்றாம் நாள் காலையில். நாம் தோற்க ஆரம்பித்ததும் மூன்றாம் நாள். தைவான் அணியின் மேனேஜர் லின் தினமும் விடிந்ததும் அந்தக் கடைக்குப் போகிறார், டீ குடிக்கிறார், செல்போனைத் தூக்கி எதையோ படம் பிடிக்கிறார், போய்விடுகிறார். விக்னேஷ்குமார் இரண்டு நாளும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறான்.

"அதனால இன்னைக்கு அவள எடுத்துட்டேன். பவித்ராதான் ஆடுது. ராத்திரி ரெண்டு பேரும் தூங்கப் போன பெறகு நானா எடுத்த முடிவு."

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு. அவகிட்டயே உறையக் குடுத்த பெறகுதான் சொல்லப் போறேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் குடுத்தா விளையாட்டுச் சங்கத்துக்கு எழுதிருவேன். அப்புறம் எங்கயும் அவ க்யூக் கம்பத் தொட முடியாது."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இரக்கம் இல்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போனது அப்போதுதான். ஒரு பெண்ணின் பிழைப்பை இரண்டரை மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கும் வேலைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

பந்திக் கூடத்தில் அறிவுச்செல்வி தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். இருபத்திமூன்று வயது இருக்கும். அப்பாவுக்கு ரெட்டியார்சத்திரத்தில் கத்தரித் தோட்டம். ஊர் கிளப்பில் ஒரு பழைய மேசையில் கற்றுக்கொண்டு இந்தியச் சட்டை வரைக்கும் வந்தவள். பந்துகளை அடுக்குவாள், வெள்ளைப் பந்தால் அடித்துச் சிதற உடைப்பாள், ஒன்றிரண்டைப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கலைத்து மறுபடி அடுக்குவாள். முழுசாக ஒரு ஆட்டம் ஆட அவளுக்கு மனது நிற்கவில்லை. சுவரோரம் நின்ற மன்றத்துக்காரர்கள் நாலு பேர் அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். விக்னேஷ்குமாரின் வாய் சும்மா இருக்கவில்லை என்பது அந்த முணுமுணுப்பிலேயே தெரிந்தது.

மேடம் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்து, இன்றைக்கு நீ என்ன ஆட்டம் ஆடுகிறாய் என்று கேட்டார். அவள் நிமிராமல், கேப்டன் எழுதுவதுதான் எழுத்து என்றாள். கண் சிவந்திருந்தது.

"அழுதிருக்கு மேடம்," என்றேன் வெளியே வந்ததும்.

"தப்புப் பண்ணவங்களும் அழுவாங்க, பழி விழுந்தவங்களும் அழுவாங்க. கண்ணீர வச்சு எழுத முடியாது ரஃபீக்கு. நட."

முன்வாசலை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றதால், வந்தது போலவே பின்வாசல் வழியாக வெளியேறி, சந்து வழியாகச் சுற்றி, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனோம். மணி ஒன்பது இருபது. கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை: தள்ளுவண்டி, அடுப்பு, வடைச்சட்டி, வண்டிக்கு இந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்து ஒரு பெஞ்சு. மேடம் வழக்கம்போல உட்காரவில்லை. மண்டபத்துக்கு முதுகைக் காட்டி அடுப்புப் பக்கமாக நின்றார். அவர் நிற்கும்போது நான் எங்கே உட்காருவது? நானும் நின்றேன்.

மொக்கைச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் யார் என்று தெரிந்ததும் முகம் பூட்டிக்கொண்டது. மேடத்தின் கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்தான் பதில். மூன்றாம் நாள் எதற்குக் கடை போட்டீர்? கூட்டம். லின் தினமும் வருவாரா? வருவாரு. எங்கே உட்காருவார்? பெஞ்சில் ஓரமாக. என்ன சாப்பிடுவார்? சீனி போடாத டீ. ஏதாவது பேசுவாரா? அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. படம் எதைப் பிடிக்கிறார்? டீயைத்தான் என்று நினைத்தேன்.

சீனி போடாத டீயைத் தினமும் படம் பிடிக்கும் அளவுக்கு அதில் அழகு இல்லை. மேடம் கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்தார். வண்டியின் விலைப் பலகையைப் படித்தார். வடை மடிக்கும் தினத்தாள் துண்டுகளைப் புரட்டினார்.

"வடை எண்ணிக்கையில சேதி போகுமோ மேடம்? எட்டு வடைன்னா எய்ட் பால், ஒம்பது வடைன்னா நைன் பால்."

"ஒம்பது வடை தின்னுட்டு அந்த ஆளு மேசை வரைக்கும் நடந்திருவாரா? கொஞ்சம் சும்மா இரு."

மணி ஒன்பது நாற்பது. மேடம் வண்டியை இரண்டு முறை சுற்றிவிட்டார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பது நடை வேகத்தில் தெரிந்தது. கடைசியில் நேராகவே கேட்டார்: உங்கள் அக்கா மகள் ராத்திரி உங்களுக்குப் போன் செய்து ஆட்ட வரிசையைச் சொல்வாளா?

மொக்கைச்சாமி வடைக் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"அதான் எங்க பிள்ளைய எடுத்துட்டாங்கள்ல. அந்த மதுரைப் பொண்ணப் போட்டாச்சுல்ல. பெறகு எதுக்கு இங்கன வந்து வெசாரணை?"

மேடம் அப்படியே நின்றார். கேப்டன் ராத்திரி படுக்கையில் எடுத்த முடிவு, எங்களைத் தவிர யாருக்கும் சொல்லாத முடிவு, எதிர் டீக்கடைக்கு வந்திருக்கிறது. வழக்கு முடிந்தது என்று குறிப்பேட்டை மூடினேன். அந்தப் பெண்ணுக்காகக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?" மேடத்தின் குரல் இறங்கியிருந்தது.

"வெடிய அஞ்சு மணிக்கு. அடுப்புப் பத்த வைக்கும்போது."

"யாரு சொன்னா?"

"உக்காருங்க."

"நான் நின்னே கேப்பேன்."

"நின்னாத் தெரியாதும்மா. அந்தத் தைவான்காரரு உக்கார்ற எடத்துல உக்காருங்க."

பதினோரு வருடத்தில் நான் பார்க்காததைப் பார்த்தேன். மேடம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, நிமிர்ந்து, மண்டபத்தைப் பார்த்தார். தண்ணீர் லாரி அதற்குள் போய்விட்டிருந்தது.

முன்வாசலில், மொய் எழுதும் மேசைக்கு மேலே, இருபது அடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியது. 'வெற்றி நமதே' என்று தலைப்பு. அடியில் மன்றத்து நிர்வாகிகள் நாற்பது பேரின் தலைகள். நடுவில் மூன்று பெரிய பந்துகள். எட்டாம் எண் பந்துக்குள் விக்னேஷ்குமாரின் முகம். பத்தாம் எண் பந்துக்குள் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆனந்த்ராஜ். ஒன்பதாம் எண் பந்துக்குள் பவித்ரா சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு, ஒன்பது, பத்து என்பதைப் படிக்கத் தமிழ் தேவையில்லை. உறைக்குள் ஒட்டிக் கொடுத்த ரகசியத்தை வாசலில் இருபது அடிக்குக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஃபிளெக்ஸை யார் பார்க்கிறார்கள்? பிறந்தநாளுக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று என்று தெருவெல்லாம் தொங்குவதில் நமக்குக் கண் மரத்துப்போயிற்று. வெளியூர்க்காரர் ஒருவர்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதை நிதானமாகப் பார்த்திருக்கிறார்.

"நேத்து வரைக்கும் அந்தப் பந்துக்குள்ள எங்க பிள்ளை இருந்துச்சு," என்றார் மொக்கைச்சாமி. "காலையில ஏழு மணிக்கு வந்துச்சு. வாசல்லயே நின்னு பாத்துச்சு. ஒரு டீ குடிம்மான்னேன். வேணாம் மாமான்னுட்டு உள்ள போயிருச்சு."

நாங்கள் ரோட்டை ஓடிக் கடந்தோம். பேனரின் மூலைக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் பொன்னழகு. ஆனந்த்ராஜின் மனைவிக்கு அண்ணன், மன்றத்துத் தலைவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறவர். முதல் இரண்டு நாள் பொதுவாக ஒரு பேனர்தான் கட்டினார்களாம். இரண்டு நாளும் ஜெயித்த குஷியில் மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு புது டிசைன். யாருக்கு எந்தப் பந்து என்று உங்களுக்கு யார் சொன்னது என்று மேடம் கேட்டார்.

"மாப்ளதான். ராத்திரி போன் பண்ணிக் கேட்டுக்குவேன். பந்து மாறிப் போச்சுன்னா நாளைக்கு நம்மளத்தானே கேலி பேசுவாங்க?" என்றார் பொன்னழகு, எங்கள் பாராட்டை எதிர்பார்த்தவர்போல.

பத்தேகாலுக்கு மணமகன் அறையில் மேடம் இதைச் சொன்னபோது ஆனந்த்ராஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மச்சான்கிட்ட சொல்றதெல்லாம் வெளிய சொன்னதுல சேத்தியா மேடம்?"

அதுதான் விஷயம். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஈ காக்காய்க்குத் தெரியாது என்று சத்தியமாக நம்பினார். மச்சானை அவர் இன்னொரு ஆளாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கூடவே ஆடுகிறவளைத்தான் வெளியாளாக நினைத்தார்.

அடுத்த நிமிடமே அவருக்குப் பதற்றம் பிடித்தது. பேனரைக் கழற்றச் சொல்லி வாசலுக்கு ஓடப் போனார். மேடம் கதவை மறித்து நின்றார்.

"கழட்டாதீங்க. லின் காலையிலேயே படம் எடுத்துட்டுப் போயாச்சு. பொது ரோட்டுல தொங்குறதப் பாத்தது அவர் குத்தம் இல்ல. பேனர் இருக்கட்டும். நீங்க தாள மாத்துங்க."

கணக்கு எளிது. பேனரை நம்பி அவர்கள் எய்ட் பாலில் சூரப்புலியை வைப்பார்கள், டென் பாலில் கடைசி ஆளை வைப்பார்கள். பேனரில் இல்லாத வரிசையை நாம் எழுதினால் போதும். ஆனந்த்ராஜின் முகம் மலர்ந்தது. அறிவுச்செல்வியைக் கூப்பிட்டு, நடந்ததை அரையும் குறையுமாகச் சொல்லி, நீ டென் பால் ஆடு, அவர்களுடைய கடைசி ஆளை அடித்துப் பேரை மீட்டுக்கொள் என்றார். அவர் அதைப் பெரிய பரிசாக நினைத்துக் கொடுத்தார்.

அவள் உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"டென் பால்ல எந்தக் குழின்னு சொல்லிட்டுத்தான் அடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதாண்ணே. என்னைய எடுக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீயான்னு கேட்டிருக்கலாம். பேனரப் பாத்து நான் தெரிஞ்சுக்கிட்டேன்."

கேப்டன் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேடம்கூட நடக்கவில்லை.

"டென் பால விக்னேஷ் அண்ணனுக்குக் குடுங்க, கடைசி ஆளுகிட்ட அவரு ஜெயிச்சிருவாரு. நைன் பால் நீங்க ஆடுங்க, நீங்களும் ஜெயிச்சிருவீங்க. எய்ட் பால் எனக்கு எழுதுங்க."

"அங்க அவங்க சூரப்புலில்ல இருப்பான்."

"அதுக்குத்தான். யாராவது ஒருத்தர் அவன்கிட்ட தோக்கணும்ல. அது நானா இருந்தா உங்களுக்கு ரெண்டு ஆட்டம் உறுதி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "லேசா தோக்க மாட்டேன்."

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உறை நடுவர் கைக்குப் போயிற்று.

பன்னிரண்டு மணிக்குப் பிரித்தார்கள். லின் தாளைப் பார்த்தார், வாசல் பக்கம் திரும்பினார், பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். எய்ட் பால் முதலில். ஐந்து ஆட்டம் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. அறிவுச்செல்வி நாலுக்கு நாலு வரை கொண்டுபோனாள். ஒன்பதாவது ஆட்டத்தில் அவளுக்கு ஒரு பந்து மிச்சம், பிறகு கறுப்பு எட்டு. அந்த ஒரு பந்து குழியின் வாயில் தட்டி நின்றது. எதிராளி மிச்சத்தைச் சுத்தமாக முடித்தான். அவள் அவனுக்குக் கை கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

கூட்டத்தில் மன்றத்துக்காரன் ஒருவன் சத்தமாகவே சொன்னான், விலை போனவளை ஆட விட்டால் வேறென்ன ஆகும் என்று. பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். அவள் க்யூவின் நுனியில் சாக்குக்கட்டி தேய்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்து அவளுக்கு ஆட்டம் இல்லை.

நைன் பாலுக்கு ஆனந்த்ராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து மேசைக்குப் போகவில்லை. அறிவிப்பாளரிடம் போய் மைக்கை வாங்கினார். மன்றத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

"கை தட்டாதீங்கப்பு. ரெண்டு நாளா நம்ம வரிசை வெளிய போச்சு. போனது என் வாய் வழியா. வேற யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன், அது வாசல்ல பேனரா தொங்குச்சு. நான் பண்ண தப்புக்கு இந்தப் பிள்ளை மேல பழியப் போட்டேன். சங்கத்துக்கு எழுதி இவ பொழப்பக் கெடுக்க இருந்தேன். இவளப் பேசுறவங்க இனிமே என்னையப் பேசுங்க."

பேசினவன் எழுந்து வெளியே போய்விட்டான். பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டார். ஊரே கொண்டாடுகிற மனிதர் தன் சொந்த மன்றத்தின் முன்னால் தன்னை இறக்கிக்கொண்டார். காலையில் பிடிக்காமல்போன அந்த மனிதரை எனக்கு அப்போது பிடித்தது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

நைன் பாலை அவர் ஜெயித்தார். டென் பாலை விக்னேஷ்குமார் ஜெயித்தான். இரண்டுக்கு ஒன்று. மிச்சம் இருந்தது ஜோடி ஆட்டம்; அதற்கு உறையில் எழுதியிருந்த பெயர்கள் ஆனந்த்ராஜ், அறிவுச்செல்வி. ஒரே மேசையில் இருவரும் மாறி மாறி ஒவ்வொரு அடி அடிக்க வேண்டும். ஒருவர் வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துகிறாரோ, அங்கிருந்துதான் அடுத்தவர் அடிக்க முடியும். அடி விழுந்த பிறகு திருத்தவும் முடியாது.

ஆனந்த்ராஜ் உடைக்கக் குனிந்தார். நிமிர்ந்துவிட்டார். மறுபடி குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அறிவுச்செல்வி அவர் பக்கத்தில் போய் நின்றாள். காலையிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"நீங்க விட்டுட்டு வர்ற எடத்துல இருந்துதான் நான் அடிக்கணும்ணே," என்றாள். "பாத்து விடுங்க."